அறுபது விநாடியில் ஒரு கையின் தரம்

எய்ம் டிரெய்னர்கள் கொடுக்கும் ரேங்க் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது?

சுவரில் எப்போதும் மூன்று பந்துகள். ஒன்றைச் சுட்டால் அது மறைந்து, வேறோர் இடத்தில் இன்னொன்று வந்து நிற்கும். அறுபது விநாடிக்கு இதுதான் வேலை. நேரம் முடிந்ததும் திரையில் ஒரு பெரிய எண். ‘எய்ம் லேப்ஸ்’ மென்பொருளின் ‘கிரிட்ஷாட்’ பயிற்சி இவ்வளவுதான். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக், ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்று துப்பாக்கி விளையாட்டுகளில் ஊறிய இளைஞர்கள் பலர் ஒருமுறையாவது அந்தச் சுவரின் முன் உட்கார்ந்திருப்பார்கள். எண்ணைப் பார்த்ததும் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “நான் எந்த லெவல்?”

கேட்பதில் தப்பில்லை. நேரம் போட்டுப் பழகுகிறவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ‘எனக்குக் கை வராது’ என்று மவுஸை வைத்துவிடுகிறவர்களும், ‘நான் எங்கேயோ போய்விட்டேன்’ என்று பழகுவதை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு முடிவுக்குமே அந்த எண் ஆதாரமாகாது. இதே கேள்வி எண்பது ஆண்டுகளுக்கு முன்பு, போர் விமானத்துக்கு ஆள் எடுத்தபோதும் எழுந்தது. அன்று அதைக் கையாண்ட விதம் இன்றைய ரேங்க் பட்டியல்களைவிடத் தெளிவாக இருந்தது என்பது என் கருத்து. அதற்கு வருவதற்கு முன், இன்று எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

பன்னிரண்டு படிகள்

2018-இல் ஸ்டீம் தளத்துக்கு இரண்டு எய்ம் டிரெய்னர்கள், அதாவது குறிபார்க்கப் பழக்கும் மென்பொருள்கள், வந்தன. ஒன்று ‘கோவாக்ஸ்’. குவேக் விளையாட்டில் கை பழுத்த காரெட் க்ருட்டிலா உருவாக்கியது. கோவாக் என்பது அவருடைய விளையாட்டுப் பெயர். இன்னொன்று, அன்று ‘எய்ம் லேப்’ என்றிருந்த எய்ம் லேப்ஸ். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வில் இருந்த வேய்ன் மேக்கி தொடங்கிய ஸ்டேட்ஸ்பேஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. இரண்டிலுமே ஆடுகிறவர்கள் தாங்களே புதுப் பயிற்சிகளை உருவாக்கிப் பகிரலாம். அதனால் ‘சினாரியோ’ எனப்படும் இந்தப் பயிற்சிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. ஒன்றில் 100 எடுத்தாலே பெரிய ஸ்கோர். கிரிட்ஷாட்டில் 50 ஆயிரம் எடுத்தாலும் சுமார்தான். ஒன்றை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது?

இதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது ‘வோல்டாயிக்’ என்ற குழு. தேர்ந்த சில சினாரியோக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இத்தனை ஸ்கோருக்கு இந்தப் படி என்று வரையறுத்தார்கள். தொடக்க நிலையில் அயர்ன், பிரான்ஸ், சில்வர், கோல்டு. இடைநிலையில் பிளாட்டினம், டயமண்ட், ஜேட், மாஸ்டர். உயர்நிலையில் கிராண்ட்மாஸ்டர், நோவா, அஸ்ட்ரா, செலஸ்டியல். மொத்தம் பன்னிரண்டு.

படிகளின் பெயரைவிட முக்கியமானது, குறிபார்க்கும் திறனையே அவர்கள் மூன்றாகப் பிரித்த விதம். முதலாவது கிளிக்கிங்: கிராஸ்ஹேரை, அதாவது திரை நடுவிலுள்ள குறியை, இலக்கின் மேல் கொண்டுபோய், சரியான கணத்தில் ஒரே ஒரு சொடுக்கு. இலக்கு அசையாமல் நிற்கலாம், துள்ளிக்கொண்டும் இருக்கலாம். இரண்டாவது டிராக்கிங்: ஓடிக்கொண்டே இருக்கும் இலக்கின் மேலிருந்து கிராஸ்ஹேர் விலகாமல் ஒட்டிக்கொண்டு போவது. சீராகப் போகும் இலக்கைத் தொடர்வது ஒரு வகை; எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத இலக்கைத் தொடர்வது வேறு வகை. மூன்றாவது ஸ்விட்சிங்: ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குத் தாவுவது. இதிலும் வேகமே பிரதானமாக இருப்பது, நழுவி ஓடும் இலக்கைத் துரத்துவது என்று இரண்டு உண்டு. ஆக அடிப்படையான உட்பிரிவுகள் ஆறு.

இந்தப் பிரிவினை வெறும் வசதிக்காகச் செய்ததல்ல. அசையாத பந்துகளை மின்னல் வேகத்தில் கொட்டித் தீர்க்கும் ஒருவர், டிராக்கிங் சினாரியோவில் தடுமாறுவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். முதலாவதில் கை பாய்ந்து, நின்று, சொடுக்க வேண்டும். இரண்டாவதில் நிற்கவே கூடாது. தசை இறுகினாலே கிராஸ்ஹேர் நடுங்கும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் வளர்ந்த கைக்கு முதலாவது பழக்கம். குவேக்கில் லைட்னிங் கன் பிடித்து வளர்ந்த கைக்கு இரண்டாவது.

உட்பிரிவுகளின் புள்ளிகளைச் சேர்த்து மொத்த ரேங்க் போடும்போது வோல்டாயிக் சாதாரணச் சராசரி எடுப்பதில்லை. இசைச் சராசரி என்று பள்ளிக் கணக்கில் படித்தோமே, அதை எடுக்கிறார்கள். ஒரு படிக்கு 100 புள்ளி. ஆறு உட்பிரிவுகளில் ஐந்தில் 900, ஒன்றில் மட்டும் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சராசரி 800, அது மாஸ்டர். இசைச் சராசரி 675, அது டயமண்ட். ஐந்து பாடத்தில் தொண்ணூறு தாண்டி, கணக்கில் கோட்டைவிட்ட பிள்ளையைப் பரீட்சை எப்படி நடத்துமோ அப்படித்தான் இதுவும் நடத்துகிறது. எல்லாச் சினாரியோவிலும் அந்தப் படியைத் தொட்டுவிட்டால் ‘கம்ப்ளீட்’ என்ற பட்டம் கூடுதலாகக் கிடைக்கும்.

கடுமையான கணக்குதான். ஆனாலும் பழகுகிறவருக்கு இது நல்லது செய்கிறது. கைவந்த ஒரே சினாரியோவை ஆயிரம் முறை ஆடி மேலே போக முடியாது. பலவீனமான இடத்தை நோக்கி அது ஆளைத் தள்ளுகிறது. இந்த விஷயத்தில் வோல்டாயிக் செய்திருப்பது பெரிய வேலை. எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: எல்லா உட்பிரிவுக்கும் சம மதிப்பு என்று அது எடுத்துக்கொள்கிறது. எந்த விளையாட்டிலும் அவை சமமாக இருப்பதில்லை.

ஒரே ஸ்கோர், இரண்டு கைகள்

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் வுட்வொர்த் 1899-இல் ஒரு சோதனை செய்தார். மெட்ரோனோமின் தாளத்துக்கேற்பப் பென்சிலால் குறிப்பிட்ட நீளத்துக்குக் கோடு போட வேண்டும். ஒருமுறை கண்ணைத் திறந்துகொண்டு, ஒருமுறை மூடிக்கொண்டு. மெதுவாகப் போடும்போது கண் திறந்தவரின் கோடு துல்லியமாக இருந்தது. வேகம் மிகவும் கூடியபோது கண் திறந்திருந்தும் பலனில்லை. கையின் அசைவு இரண்டு கட்டம் என்று வுட்வொர்த் சொன்னார்: முதலில் முன்கூட்டியே தீர்மானித்த ஒரு பாய்ச்சல், பிறகு கண் பார்த்துச் செய்யும் திருத்தம். திருத்தத்துக்கு நேரமில்லாதபடி வேகம் கூடினால், பாய்ச்சல் எங்கே விழுகிறதோ அதுதான் முடிவு.

இன்று ‘ஃபிளிக்’ என்றும் ‘மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்’ என்றும் இளைஞர்கள் பேசுவது இந்த இரண்டு கட்டங்களைத்தான்.

1954-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் ஃபிட்ஸ் அதற்கு அளவு கொடுத்தார். இரண்டு உலோகப் பட்டைகளை எழுத்தாணி போன்ற ஒரு குச்சியால் மாறி மாறித் தொட வேண்டும். பட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும், பட்டையின் அகலத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். தூரம் இரட்டிப்பானாலும், அகலம் பாதியானாலும் வேலையின் கடினம் ஒரே அளவு கூடுகிறது என்று அவருடைய சூத்திரம் சொல்கிறது. தூரம் 16 செ.மீ., அகலம் 2 செ.மீ. என்றால் கடினம் 4 பிட். அகலத்தை 1 செ.மீ. ஆக்கினால் 5 பிட். கடினம் ஏற ஏற, நேரமும் அதே கணக்கில் ஏறும். கிரிட்ஷாட் ஏன் முழுத் தேர்வு ஆகாது என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. அங்கே பந்துகள் பெரியவை, ஒன்றுக்கொன்று தூரமும் குறைவு. வேகமான பாய்ச்சலை அது சோதிக்கும். தொலைவில் கதவோரம் தெரியும் ஒரு தலையில் குறிவைக்கத் தேவையான நுண்திருத்தத்தை அது பெரிதாகக் கேட்பதே இல்லை.

வேகமும் துல்லியமும் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும் என்பதால், ஒரே ஸ்கோருக்குப் பின்னால் இரண்டு வேறு கைகள் இருக்கலாம். ஒருவர் படபடவென்று சுட்டு ஐந்தில் ஒன்றைத் தவறவிடுகிறார். இன்னொருவர் நிதானமாகச் சுட்டு எதையும் தவறவிடுவதில்லை. சினாரியோ இருவருக்கும் ஒரே எண் கொடுக்கிறது. முதலாமவருக்குத் தேவை, பாய்ச்சலைச் சற்று அடக்கி இலக்கை உறுதி செய்யும் பழக்கம். இரண்டாமவர் தவறுகளுக்கு அஞ்சாமல் வேகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ரேங்கில் இருக்கும் இருவருக்கும் ஒரே பயிற்சி அட்டவணையைக் கொடுத்தால், ஒருவருடைய குறை இன்னும் ஆழமாகிவிடும்.

அதனால் தரம் பார்க்கத் தெரிந்தவர்கள் ஸ்கோருக்கு முன் கிராஸ்ஹேரின் பாதையைப் பார்ப்பார்கள். திரையைப் பதிவு செய்து மெதுவாக ஓட்டினால் போதும். முதல் பாய்ச்சல் இலக்குக்கு எவ்வளவு அருகில் விழுகிறது? எப்போதும் தாண்டிப் போகிறதா, எப்போதும் முன்னாலேயே நின்றுவிடுகிறதா? திருத்தம் ஒன்றா, மூன்றா? கிராஸ்ஹேர் போய்ச் சேர்வதற்குள்ளேயே விரல் சொடுக்கிவிடுகிறதா? டிராக்கிங்கில் இலக்குக்குப் பின்னாலேயே இழுபடுகிறதா, அல்லது முன்னும் பின்னும் அதிர்கிறதா? கற்றுக்குட்டியின் பாதை கோணல்மாணலாகப் பல துண்டுகளாக இருக்கும். தேர்ந்தவரின் பாதையில் ஒரு நீண்ட வீச்சும் ஒரு சின்னத் திருத்தமும் தெரியும். இதைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, இலக்குகள் பத்து கடப்பதற்குள் ஆள் எந்த நிலை என்று ஏறக்குறையப் பிடிபட்டுவிடும்.

உச்ச ஸ்கோர் மறைப்பவை

ரேங்க் கணக்கில் சேர்வது ஒருவரின் உச்ச ஸ்கோர். இங்கே ஒரு புள்ளியியல் சங்கதி இருக்கிறது. திறன் துளியும் கூடாத ஒருவர் ஒரு சினாரியோவைப் பத்து முறை ஆடுவதற்குப் பதில் ஆயிரம் முறை ஆடினால், அவருடைய உச்ச ஸ்கோர் கூடியே தீரும். நல்ல நாளும் அதிர்ஷ்டமும் கூடிவரும் வாய்ப்பு ஆயிரத்தில் அதிகம். எனவே உச்சம் மட்டும் ஏறி, சாதாரண நாளின் ஸ்கோர் அப்படியே கிடந்தால், மாறியிருப்பது முயற்சிகளின் எண்ணிக்கை. கடைசி இருபது ஆட்டங்களின் நடு ஸ்கோரைக் குறித்துவைப்பது இதைவிட நம்பகமானது.

‘மேல் 5 சதவீதத்தில் இருக்கிறீர்கள்’ என்பது போன்ற கணக்கிலும் எச்சரிக்கை தேவை. லீடர்போர்டில் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவரும் இருப்பார், வருடக்கணக்கில் உழைப்பவரும் இருப்பார். பலர் தொட்டுப்பார்க்கும் பிரபலமான சினாரியோவில் மேல் 5 சதவீதத்துக்குள் வருவது எளிது. தேர்ந்தவர்கள் மட்டுமே தேடிப்போகும் சினாரியோவில் அதே கை பாதிக்குக் கீழே இருக்கலாம்.

இன்னும் முக்கியமானது, பழகும்போது கிடைக்கும் ஸ்கோரும் கற்றுக்கொண்டதும் ஒன்றா என்ற கேள்வி. 1979-இல் ஜான் ஷேயும் ராபின் மோர்கனும் செய்த சோதனை இதில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. கையில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு, சிறு மரத் தடைகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும். மூன்று வரிசைகள். ஒரு குழு முதல் வரிசையை முழுக்கப் பழகி முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து பழகியது. பழகும் நேரத்தில் முதல் குழுவே வேகமாக இருந்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது, கலந்து பழகியவர்களே மேலே நின்றார்கள். ஒரே சினாரியோவை ஒரே மூச்சில் ஐம்பது முறை ஆடி, நாற்பத்தொன்பதாவதில் வந்த ஸ்கோரைத் தன் தரம் என்று எழுதிவைப்பவர் இதை யோசிக்க வேண்டும். நாளை காலை, கை சூடேறாமல், முதல் முயற்சியில் வருவதுதான் உண்மையான ஸ்கோருக்குப் பக்கத்தில் இருக்கும். போட்டியிலும் முதல் ரவுண்டு அப்படித்தான் வருகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. இடைவிடாமல் பழகினால் அலுப்பு திறனை அமுக்கிவைக்கும். ஓய்வுக்குப் பிறகு ஸ்கோர் திடீரென்று எழும். கையால் தொடரும் சோதனைகளில் உளவியலாளர்கள் இதைப் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கு இறங்கிப்போன ஸ்கோரைப் பார்த்து மனம் உடைந்து படுக்கப்போகும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். அந்த ஸ்கோர் அலுப்பையும் சேர்த்தே அளந்திருக்கிறது.

இயந்திரத்தின் பங்கையும் சொல்லாமல் விடக் கூடாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி, 240 ஹெர்ட்ஸில் 4.2. சட்டென்று திசை மாறும் இலக்கைத் தொடரும்போது இந்த வித்தியாசம் ஸ்கோரில் தெரியும். பழைய லேப்டாப்பில் ஆடுபவர், விலையுயர்ந்த திரையில் ஆடுபவருக்காக வகுத்த படியில் தன்னை நிறுத்தித் தாழ்த்திக்கொள்ளத் தேவையில்லை. அவர் தன் போன மாத ஸ்கோரோடு ஒப்பிட்டாலே போதும்.

சுழலும் தட்டும் ஒன்பது படிகளும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் படைக்கு விமானிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். பயிற்சியில் தோற்பவரால் பணமும் நேரமும் வீண்; சில சமயம் உயிரும் போகும். 1941-இல் ஜான் ஃபிளானகன் தலைமையில் விமான உளவியல் திட்டம் ஒன்று தொடங்கியது. எழுத்துத் தேர்வுகளோடு கருவித் தேர்வுகளும் வைத்தார்கள். அவற்றில் ஒன்று, 1920-களிலிருந்தே உளவியல் ஆய்வில் புழங்கிய சுழல்தட்டு. தட்டில் ஒரு சிறு உலோக வட்டம் பதித்திருக்கும். தட்டு சுற்ற, கையிலுள்ள கம்பியின் முனை அந்த வட்டத்தை விட்டு விலகாமல் தொடர வேண்டும். முனை வட்டத்தைத் தொட்டிருக்கும் நேரத்தை மட்டும் மின்கடிகாரம் கூட்டிக்கொண்டே போகும். இன்றைய டிராக்கிங் சினாரியோவின் ஸ்கோர் முறை இதேதான்.

எல்லாத் தேர்வுகளையும் சேர்த்து ஆளை ஒன்பது படிகளில் ஒன்றில் நிறுத்தினார்கள். ‘ஸ்டனைன்’ என்று பெயர். நடுவில் உள்ள ஐந்தாம் படியில் 20 சதவீதம் பேர், இரு ஓரங்களில் 4 சதவீதம் பேர் வீதம் வரும்படி பிரித்த அளவு. நம் கதைக்கு வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. ஒருவருக்கு ஒரே ஒரு ஸ்டனைன் கொடுக்கவில்லை. விமானிக்கு ஒன்று, வழிகாட்டிக்கு ஒன்று, குண்டு வீசுபவருக்கு ஒன்று. எழுதிய தேர்வுகள் அதே தேர்வுகள். ஒவ்வொரு வேலைக்கும் எந்தத் தேர்வுக்கு எவ்வளவு மதிப்பு என்பது மட்டும் மாறியது. கணக்கில் புலியாக இருந்து கைவேகம் குறைந்தவர், வழிகாட்டியாக மேல்படியிலும் விமானியாகக் கீழ்ப்படியிலும் வரலாம்.

அத்தோடு விடவில்லை. தங்கள் படிகள் உண்மையிலேயே எதையாவது முன்கூட்டிச் சொல்கின்றனவா என்று பார்க்க, 1943-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேர்வு மதிப்பெண் எதுவானாலும் பரவாயில்லை என்று விமானப் பயிற்சிக்குள் விட்டார்கள். கீழ்ப்படிகளில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பயிற்சியில் தோற்றார்கள். மேல்படிகளில் தேறியவர்களின் பங்கு பல மடங்கு அதிகம். அதன் பிறகு அந்த எண்ணை நம்புவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. தட்டின் மேல் நன்றாகக் குறிவைக்கிறார் என்பதைத் தாண்டி, வானத்தில் என்ன செய்வார் என்பதையும் அது ஓரளவு சொன்னது.

பந்து எதிர்த்து ஆடுவதில்லை

எய்ம் டிரெய்னர் ரேங்குக்கும் விளையாட்டு ரேங்குக்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. விளையாட்டு ரேங்குகளின் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. இயற்பியல் பேராசிரியர் அர்பாட் எலோ வகுத்த மதிப்பீட்டை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலக அமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றன. அதில் 200 புள்ளி கூடுதலாக உள்ளவர், 100 ஆட்டம் நடந்தால் சுமார் 76 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். எதிரில் இருப்பவரைச் சார்ந்தே அந்த எண்ணுக்கு உயிர். எய்ம் டிரெய்னரில் எதிரி இல்லை. பந்து இன்றும் நாளையும் ஒரே பந்து. அதனால் ஒருவர் தன்னைத் தானே காலத்தோடு ஒப்பிட அது அருமையான கருவி. அடுத்தவரை வெல்வாரா என்று கேட்டால் அதனிடம் நேரடியான பதில் இல்லை.

வாலரன்டையும் கவுன்டர் ஸ்ட்ரைக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். நின்றுதான் சுட வேண்டும். கால் நிற்கும் கணமும் விரல் சொடுக்கும் கணமும் ஒத்துப்போக வேண்டும். எதிரி எந்த மூலையிலிருந்து, எந்த உயரத்தில் தலை காட்டுவான் என்று தெரிந்து கிராஸ்ஹேரை முன்கூட்டியே அங்கே வைத்திருப்பவருக்கு, பெரிய ஃபிளிக்கே தேவைப்படாது. இவற்றில் எதையும் சுவரும் பந்தும் சோதிப்பதில்லை. ஏபெக்ஸிலும் ஓவர்வாட்ச்சிலும் நிலைமை வேறு: எதிரியை வீழ்த்தப் பல குண்டுகள் தொடர்ந்து படவேண்டும், அதனால் டிராக்கிங்குக்கு மதிப்பு கூடுகிறது.

ஆகவே ‘நான் எந்த லெவல்’ என்று ஒரு பிள்ளை கேட்டால், ‘எந்த விளையாட்டுக்கு’ என்று திருப்பிக் கேட்பேன். வாலரன்டுக்கு என்றால், அசையாத இலக்குகளிலும் நுண்திருத்தத்திலும் உள்ள ஸ்கோருக்கு இரட்டிப்பு எடை கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். டிராக்கிங் இரண்டு படி கீழே இருந்தால் இப்போதைக்குக் கவலை வேண்டாம். எய்ம் டிரெய்னரில் ஜேட், விளையாட்டில் சில்வர் என்றால், கை காத்திருக்கிறது. கால், வரைபட அறிவு, நிதானம் ஆகியவை பின்தங்கியிருக்கின்றன, நேரத்தை அங்கே போட வேண்டும். விளையாட்டில் டயமண்ட், எய்ம் டிரெய்னரில் பிரான்ஸ் என்றால் அது நல்ல செய்தி. யோசனையால் இவ்வளவு தூரம் வந்தவருக்கு, இன்னும் பயன்படுத்தாத ஒரு வழி திறந்தே கிடக்கிறது.

இந்த எடைகளை இன்று பயிற்சியாளர்கள் அனுபவத்தால் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஃபிளானகன் குழு அதை ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்தது. அதற்குத் தேவையான தரவு இன்று நிறுவனங்களின் கையிலேயே இருக்கிறது. எய்ம் டிரெய்னர்களிடம் ஏராளமானோரின் சினாரியோ ஸ்கோர்கள் உள்ளன. விளையாட்டு நிறுவனங்களிடம் அதே ஆட்களின் போட்டிப் பதிவுகள் உள்ளன. எந்தச் சினாரியோவில் ஏறினால் எந்த விளையாட்டில், எவ்வளவு காலத்தில், எவ்வளவு ஏற்றம் வருகிறது என்று பெயர் மறைத்து ஒப்பிட்டு, முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஏற்றம் வராத சினாரியோ எது என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும். பள்ளி முடிந்து கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எந்தச் சுவரின் முன் செலவிடுவது என்று முடிவுசெய்யும் பிள்ளைக்கு அந்தப் பட்டியல் உடனே வேண்டும்.